இருநூற்றுப் பத்து நாள்

படார், படார், படார்!

மாடிக் கதவு அதிர்ந்தது. கீழே வெல்ல மண்டியில் மூட்டை இறக்குகிறார்கள் என்று நினைத்துச் சிட்டிபாபு பாயில் புரண்டு படுத்தான். மறுபடியும் படார்.

"கதவு ஒடைஞ்சா புதுசு யாரு போடறது?" என்று முனகிக்கொண்டே எழுந்துபோய்த் தாழ்ப்பாளை நீக்கினான்.

வாசலில் வெள்ளைப் புடவை கட்டிய ஒரு அம்மாள் நின்றிருந்தாள். வயது ஐம்பத்தைந்து இருக்கும். கையில் ஆண்கள் பிடிக்கிற பெரிய குடை. அதன் கைப்பிடிதான் இத்தனை நேரமும் கதவோடு பேசியிருக்கிறது.

"துப்பறியறவரு நீதானா?"

"நான் அவரோட அசிஸ்டெண்டும்மா. அவரு பல்லு வெளக்கிக்கினு இருக்காரு. வெளக்காம துப்பறிஞ்சா சாட்சிங்க ஓடிப்போயிடறாங்க."

அம்மாள் சிரிக்கவில்லை. நேராக உள்ளே வந்து, அங்கிருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்தாள். பதினைந்து வருஷம் நாடகக் கம்பெனிகளில் பபூன் வேஷம் கட்டியவன் சிட்டிபாபு. சிரிக்காத முகத்தைக் கண்டால் அவனுக்கு வசனம் மறந்துவிடும். பாயைச் சுருட்டிக்கொண்டு ஒதுங்கினான்.

துண்டால் முகத்தைத் துடைத்தபடி கோவர்த்தனன் வந்தார். சித்தூர் ஜில்லா கோர்ட்டில் தெலுங்குப் பத்திரங்களைத் தமிழாக்கியும் தமிழ்ப் பத்திரங்களை இங்கிலீஷாக்கியும் பதினெட்டு வருஷம் குப்பை கொட்டியவர். பத்திரங்களில் பொய் எழுதுகிறவர்களைப் பார்த்துப் பார்த்து, அவர்களைப் பிடிப்பதையே தொழிலாக்கிக்கொண்டு வெளியே வந்தவர்.

"என் பேரு தபீதாள். மிஷன் ஆஸ்பத்திரியில இருபத்தெட்டு வருஷமா பிரசவ நர்ஸு" என்றாள் அம்மாள். துணிப் பையிலிருந்து நாலு தாள்களை எடுத்து நீட்டினாள். "வீடு கட்டற அக்ரிமெண்டு. இன்னிக்கு சாயந்திரம் அஞ்சு மணிக்கு இதுல நான் கையெழுத்துப் போடணும். போடலாமா, கூடாதான்னு நீங்க சொல்லணும்."

"அதுக்கு வக்கீல்ங்க இருக்காங்களேம்மா?"

"காட்டினேன். பத்திரம் சுத்தமா இருக்குதுன்னாரு. அதான் எனக்குப் பிடிக்கலை."

"ஏன்?"

"ஆயிரம் பிரசவம் பார்த்தவ நான். வலியே இல்லாம புள்ளை வருதுன்னா, ஒடனே டாக்டரைக் கூப்பிடுவேன்."

கோவர்த்தனன் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு எதிரே தகரப் பெட்டியின் மேல் உட்கார்ந்தார். "சொல்லுங்க."

"கான்டிராக்டரு திருப்பதி வேதாச்சலம். கதவுக்குத் தேக்கு கேட்டேன், சரின்னாரு. கிழக்கால ஒரு ஜன்னல் கேட்டேன், ரெண்டா வெச்சுடறேன்னாரு. கெணத்துக்குச் சுத்துச்சுவரு கேட்டேன், அதுவும் சரின்னாரு. ஒண்ணுக்கும் மூஞ்சி சுளிக்கலை. கடைசியில, இருநூத்திப் பத்து நாள்ல முடிப்பேன்னு போட்டிருக்கீங்களே, இருநூறுன்னு போடுங்களேன்னேன். முடியாதுன்னுட்டாரு. சரி, மழைகிழை வரும், இருநூத்தி இருவதுன்னு போட்டுக்கோங்கன்னேன்."

"அதுக்கு?"

"அதுவும் முடியாதுன்னுட்டாரு. கூட்டவும் கூடாதாம், கொறைக்கவும் கூடாதாம்."

சிட்டிபாபுவுக்கு வாய் அடங்கவில்லை. "நாள் அதிகமா குடுத்தா வேணாங்கற கான்டிராக்டரா? அந்தாளை மெட்ராஸுக்கு அனுப்பி உயிர்க்காலேஜுல, புலிக்குப் பக்கத்துக் கூண்டுல வெக்கலாமே, சார்."

கோவர்த்தனன் தாள்களைப் புரட்டினார். அழகான கையெழுத்து. 1935-ஆம் வருஷம் பிப்ரவரி 11-ந் தேதி, அதாவது வருகிற திங்கட்கிழமை வேலை ஆரம்பம். மூன்றாவது ஷரத்தின்படி, அன்று முதல் ஒரு நாளும் விடாமல் இருநூற்றுப் பத்து நாள் வேலை நடக்கும். ஒன்பதாவது ஷரத்தை மட்டும் வாய்விட்டுப் படித்தார்.

"'வீட்டுக்கு உடையவர் தம் சொந்தக் காரணத்தால் வேலையை நிறுத்தச் சொல்லும் நாட்கள் மொத்தத்தில் முப்பதுக்கு மேற்பட்டால், அதுவரை ஆன செலவு முழுவதையும் பதினைந்து நாளில் ஒரே தவணையில் கான்டிராக்டருக்குச் செலுத்த வேண்டியது. தவறினால் மனையும், அதன்மேல் எழும்பிய கட்டடமும் கான்டிராக்டரைச் சேரும்.' இதை நீங்க படிச்சீங்களா?"

"படிச்சேன். நான் எதுக்கு வேலையை நிறுத்தப் போறேன்? அக்டோபர்ல ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸைக் காலி பண்ணணும். சீக்கிரம் முடிங்கன்னு நானே மன்றாடிக்கினு இருக்கேன். இருந்தாலும் முப்பது நாள் விட்டுக் குடுத்திருக்காரேன்னு சந்தோஷமாக் கூட இருந்துது."

"சாட்சிக் கையெழுத்து யாரு?"

"ரெண்டு பேரு. எங்க சபைச் செயலாளர் அசரியா அண்ணன். என் மனைக்குப் பின்னாடி வீடுதான் அவருது. இன்னொண்ணு என் தம்பி மகன் சாந்தகுமார், ஸ்கூல் வாத்தியாரு. ரெண்டு பேரும் பத்திரத்தைப் படிச்சுப் பார்த்துட்டாங்க."

"இந்த வேதாச்சலம் இதுக்கு முன்னாடி கட்டின வீடு ஏதாவது பார்த்தீங்களா?"

"திருப்பதியில, கோவிந்தராஜசாமி கோயிலுக்குத் தெக்கால ஒரு மாடி வீடு கட்டியிருக்காராம். வந்து பாருங்கன்னாரு. ஒடனே அவரே, 'நீங்க ஏசு வேதக்காரங்க, கோயில் வீதிக்கெல்லாம் எங்க வரப்போறீங்க'ன்னு சிரிச்சாரு."

கோவர்த்தனன் எழுந்தார்.

"சிட்டி, சட்டையை மாட்டு. அவங்க வரமாட்டாங்கன்னு நெனைச்சுத்தானே அழைச்சிருக்கான்? நாம போவோம்."

தபீதாள் வாசல்வரை போய்த் திரும்பினாள். முதல் தடவையாக அவள் குரல் இறங்கியது.

"ஐயா, எங்க நைனா விட்டுட்டுப் போனது அந்த மனை ஒண்ணுதான். அது போச்சுன்னா நான் இந்தக் குடைக்குக் கீழேதான் குடியிருக்கணும். அஞ்சு மணிக்குள்ள வந்துடுவீங்களா?"

"நாலரைக்கு வந்துடுவேம்மா. அதுவரைக்கும் பேனாவைக் கையில தொடாதீங்க."

*

திருப்பதி பஸ்ஸில் இருபது பேர் உட்காரும் இடத்தில் முப்பத்திரண்டு பேர் இருந்தார்கள். ஒரு பெரியவரின் மூட்டை சிட்டிபாபுவின் மடியில் உட்கார்ந்து வந்தது.

"சார், இருநூத்திப் பத்துல அப்படி இன்னா விசேஷம்?"

"தெரியலை. பேரம் பேசறவன் எதை விட்டுக் குடுக்கறான்னு பார்க்கக் கூடாது. எதை விடலைன்னு பார்க்கணும். தேக்கை விட்டான், ஜன்னலை விட்டான். பத்து நாளை விடமாட்டேங்கறான்."

"ஜோசியம் பார்த்திருப்பான். ராசியான நம்பரு."

"அப்படின்னா ஏழாம் நம்பரைக் கட்டிக்கினு அழுவான். இது ஜோசியம் இல்லை. கூட்டினாலும் கெட்டுப்போகுது, கொறைச்சாலும் கெட்டுப்போகுதுன்னா, ஏதோ ஒண்ணு அதுல சரியாப் பொருந்துது. அது என்னன்னுதான் பார்க்கணும்."

பத்தரை மணிக்குத் திருப்பதியில் இறங்கினார்கள். கோவிந்தராஜசுவாமி கோயிலுக்குத் தெற்கே அந்த வீட்டைத் தேட வேண்டியிருக்கவில்லை. புதுச் சுண்ணாம்பு வெயிலில் கண்ணைக் கூசியது. மாடி, கம்பி போட்ட ஜன்னல், தேக்குக் கதவு. கான்டிராக்டர் சொன்னதில் பொய் இல்லை, வேலை பிரமாதம்.

சிட்டிபாபு அண்ணாந்து பார்த்தான். மாடி முகப்பில் பெரிய எழுத்தில் பேர் எழுதியிருந்தது.

"வேதாச்சல விலாஸ்" என்று படித்தான். "பரவாயில்லை சார். கட்டிக் குடுத்த வீட்டுல தன் பேரையே போட்டுக்கினு இருக்கான். தையக்காரன் நம்ம சட்டையைத் தச்சு, தானே மாட்டிக்கினு போன மாதிரி."

வீட்டை ஒட்டித் துளசி மாலை கட்டிக்கொண்டிருந்த பெண்ணிடம் போய் நின்றார் கோவர்த்தனன். அவள் பேர் கங்கம்மா. அந்த இடத்தில் எட்டு வருஷமாக மாலை கட்டுகிறவள்.

"ஈ இல்லு எவரிதம்மா?" என்று வீட்டைக் காட்டித் தெலுங்கில் கேட்டார்.

அவள் இவர் முகத்தைப் பார்த்தே தமிழுக்கு மாறினாள். "இப்பவா, முன்னாலயா?"

"ரெண்டும் சொல்லு."

"இப்ப கான்டிராக்டருது. முன்னால அதோ அவருது." மாலை கட்டிய நூலைப் பல்லால் அறுத்துவிட்டு, மோவாயால் எதிர்ச்சாரியைக் காட்டினாள்.

எதிர்ச்சாரியில் ஒரு கூரைக்குக் கீழே இட்டிலிச் சட்டி ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அதன் பின்னால் உட்கார்ந்திருந்த மனிதருக்கு எதிரே, தெருவின் முழு அகலத்துக்கு, அந்த வெள்ளை வீடு நின்றது. நாள் முழுக்க வேறு எதையும் பார்க்க முடியாத இடத்தில்தான் கடை போட்டிருந்தார்.

பேர் முனிகிருஷ்ணன். வடமாலபேட்டையில் கரும்பு போட்டுச் சேர்த்ததைக் கொண்டு, யாத்திரை வருகிறவர்களுக்கு ஒரு சத்திரம் கட்டலாம் என்று திருப்பதியில் மனை வாங்கியவர். கோவர்த்தனன் பேச்சை ஆரம்பித்ததும் இரண்டு இலையைப் போட்டார்.

"துன்னுங்க. துன்னுக்கினே கேளுங்க. எனக்கும் கை வேலை நிக்காம இருக்கும்."

"வீடு எப்படிங்க கை மாறிச்சு?"

"நான்தான் மாத்திக் குடுத்தேன், என் வாயால. வைகாசியில வேலை ஆரம்பிச்சோம். ஜோரா எழும்பிச்சு. மாடிக்கு நிலை வெக்கணும்னு மேஸ்திரி வந்து நின்னப்போ ஆடி பொறந்துடுச்சு. ஆடியில நிலை வெப்பாங்களா, நைனா? எங்க ஊட்டுல ஒரு ஆணி கூட அடிக்க மாட்டோம். ஆவணி பொறக்கட்டும்ன்னேன். வேதாச்சலம் ஒரு வார்த்தை எதிர்த்துப் பேசலை. 'உங்க இஷ்டம். கூலிக்காரங்களுக்குக் காட்டணும், ஒரு சீட்டு மட்டும் எழுதிக் குடுங்க'ன்னான். நானே கேட்டு நிறுத்தினேன்னு எழுதிக் குடுத்தேன்."

"எத்தனை நாள் நிறுத்தினீங்க?"

"ஆடி முழுக்க. முப்பத்தொரு நாள்."

சிட்டிபாபு வாயருகே கொண்டுபோன இட்டிலி அங்கேயே நின்றது. கோவர்த்தனன் மெதுவாகக் கேட்டார். "உங்க பத்திரத்துல எத்தனை நாள் போட்டிருந்துது?"

"முப்பது. ஆவணி ஒண்ணாந்தேதி வெத்தலை பாக்கோட வருவான்னு பார்த்தேன். வக்கீலோட வந்தான்." முனிகிருஷ்ணன் சட்டியின் மூடியைத் திறந்து, வேகாத இட்டிலியைப் பார்த்துவிட்டு மூடினார். "பதினஞ்சு நாள்ல அம்பாரமா அவ்வளவு ரூபாய்க்கு நான் எங்க போவேன்? கோர்ட்டுல, கையெழுத்து உன்னுதானேன்னு கேட்டாங்க. என்னுதுதான்."

"அட கஷ்டமே!" என்றான் சிட்டிபாபு. "தெலுங்குக்காரரா இருந்திருந்தா அவங்க ஆடி, அதான் ஆஷாடம், இருவத்தொம்பது நாளோ முப்பது நாளோதான். தப்பிச்சிருப்பாரு. தமிழ் ஆடி ஒரு நாள் நீளம் சார்!"

"அந்த ஒரு நாள்தான் இந்த வீடு" என்றார் கோவர்த்தனன்.

*

திரும்புகிற பஸ்ஸில் முக்கால்வாசிப் பேர் மொட்டை. சந்தனம் பூசிய தலைகளின் நடுவே கோவர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"முனிகிருஷ்ணனுக்கு வலை வீசினது ஆடி" என்றார். "முப்பதுன்னு போட்டதே ஆடிக்கு முப்பத்தொரு நாள்னு தெரிஞ்சுதான். வீட்டுக்காரன் என்னிக்கு வேலை செய்ய விடமாட்டானோ, அதை எண்ணிப் பார்த்துட்டுப் பத்திரம் எழுதறான். சரி. தபீதாளம்மாவுக்கு ஆடியும் கிடையாது, அமாவாசையும் கிடையாது. அவங்க எப்போ நிறுத்துவாங்க?"

"அவங்களா? நிறுத்தவே மாட்டாங்க. எங்க கம்பெனி முதலாளி மாதிரி. ஏழு நாளும் ஆடு, ஞாயித்துக்கிழமை ரெண்டு ஆட்டம் ஆடுன்னு..."

கோவர்த்தனன் கண்ணைத் திறந்தார்.

"இன்னா சார், ஏதாச்சும் தப்பா சொல்லிட்டேனா?"

"இருநூத்திப் பத்தை ஏழால வகு."

சிட்டிபாபு விரல் விட்டான். விரல் போதாமல் முன்னால் இருந்த மொட்டைத் தலையில் கோடு போடப் போனான். கோவர்த்தனன் கையைப் பிடித்துக்கொண்டார்.

"முப்பது வாரம், சிட்டி. மிச்சமில்லாம முப்பது. எந்தத் தேதியில ஆரம்பிச்சாலும் முப்பது ஞாயித்துக்கிழமை. 'ஒரு நாளும் விடாமல்'னு மூணாவது ஷரத்து சொல்லுது. அந்தம்மா ஞாயித்துக்கிழமை கொல்லத்துக்காரன் கரண்டியும் சுண்ணாம்புமா வந்தா குடையாலயே அடிச்சுத் துரத்துவாங்க. அவங்களுக்கு அது வேலை நிறுத்தம் இல்லை, ஞாயித்துக்கிழமை. பத்திரத்துக்கு அது வேலை நிறுத்தம்!"

"பலே! அதான் வலை!" சிட்டிபாபு துள்ளியதில் மடியிலிருந்த யாரோ ஒருவரின் தேங்காய் உருண்டது. உடனே அவன் முகமும் விழுந்தது. "சார், ஆனா 'முப்பதுக்கு மேற்பட்டால்'னுதானே எழுதியிருக்குது? சரியா முப்பதுன்னா மேல போகலையே. வலையில கயிறு ஒரு முழம் கொறையுது."

கோவர்த்தனன் மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். சித்தூர் வருகிறவரை அதையே கணக்குப் போட்டார். முப்பது என்பது முப்பதுதான். ஆடிக்குத் துல்லியமாக ஒரு நாள் குறைத்து வைத்தவன், இதில் ஒரு நாளைக் கோட்டை விடுவானா?

*

நாலே முக்காலுக்கு ஆஸ்பத்திரி குவார்ட்டர்ஸில் நுழைந்தார்கள். தபீதாள் மேஜையைத் துடைத்து, மைக்கூட்டையும் பேனாவையும் எடுத்து வைத்திருந்தாள். சொன்ன வார்த்தைப்படி பேனாவைத் தொடாமல், அதை ஒரு தட்டில் வைத்துக் கொண்டுவந்தது தெரிந்தது.

"என்ன ஐயா, போடலாமா?"

"இருங்கம்மா." கோவர்த்தனன் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சுவரில் மிஷன் காலண்டர் தொங்கியது. ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் சிவப்பில் அச்சாகி, பத்தி பத்தியாக மேலிருந்து கீழே இறங்கின. பிப்ரவரித் தாளைத் தூக்கினார். மார்ச்சைத் தூக்கினார். ஏப்ரலில் அவர் விரல் நின்றது. சிவப்புப் பத்தியை விட்டு விலகி, தனியே ஒரு வெள்ளிக்கிழமை சிவந்திருந்தது. பத்தொன்பதாம் தேதி.

"இது என்னம்மா?"

"பெரிய வெள்ளி. கர்த்தர் சிலுவையில அறையப்பட்ட நாள்."

"அன்னிக்கு உங்க மனையில சுத்தியல் சத்தம் கேக்குமா?"

தபீதாள் அவரை முறைத்தாள். "என்ன கேள்வி கேக்கறீங்க? அன்னிக்கு ஆணி அடிக்கறதா!"

"இந்தப் பெரிய வெள்ளி வருஷா வருஷம் இதே தேதிதானா?"

"இல்லை, மாறும். ஒரு வருஷம் மார்ச்சுல கூட வரும். முன்கூட்டியே சபையில சொல்லுவாங்க."

சிட்டிபாபு மெதுவாக விசில் அடித்தான். "முப்பத்தொண்ணு" என்றான் காதோடு. "கயிறு சரியாப் போச்சு."

கோவர்த்தனன் அவனை ஜன்னலோரம் இழுத்துப் போனார். "யோசிச்சுப் பாரு. ஆடியை வேதாச்சலமே எண்ணியிருப்பான். ஞாயித்துக்கிழமையைக் கூட எண்ணுவான்னு வெச்சுக்கோ. வருஷத்துக்கு வருஷம் இடம் மாறற பெரிய வெள்ளி, அந்தக் கோயில் வீதிக் கான்டிராக்டருக்கு எப்படித் தெரியும்? வேற யாரோ எண்ணிக் குடுத்திருக்காங்க; கணக்கு இவனுக்கே புரியாததாலதான் நாளைக் கூட்டறதுக்குக் கூடப் பயப்படறான். அது சபைக்குள்ள இருக்கற ஆளு. ரெண்டு பேருதான் பத்திரத்தைப் படிச்சிருக்காங்க."

"செயலாளரு, இல்லாட்டி வாத்தியாரு. ரெண்டு பேரும் வர்றதுக்கு முன்னாடியே பத்திரத்தைக் கிழிச்சுப் போடச் சொல்லிடலாமே?"

"பத்திரத்தைக் கிழிக்கறதுக்கு நாம எதுக்கு? அந்த ஆளு கூடவே இருந்தா, அடுத்த பத்திரத்தையும் அவனே எழுதுவான். அந்த மனை என்னிக்கும் நிலைக்காது. இதோ பாரு, ஞாயிறு, வெள்ளி, முப்பத்தொண்ணு, இந்த வார்த்தை ஒண்ணும் உன் வாயிலிருந்து வரக்கூடாது."

"என் வாயா? அது மூடியே ரெண்டு நிமிஷம் ஆச்சே."

வாசலில் கார் வந்து நின்றது.

வேதாச்சலம் முதலில் வந்தார். சரிகை அங்கவஸ்திரம், நெற்றியில் நாமம், முகம் முழுக்கச் சிரிப்பு. பின்னால் தடித்த கண்ணாடியுடன் அசரியா. இடுப்பு வார்ப்பட்டையில் கடிகாரச் சங்கிலி. கடைசியில் வேகவேகமாகச் சாந்தகுமார். ஸ்கூலிலிருந்து நேரே வந்திருந்தான், கையில் சுண்ணாம்புத் தூள் கூடப் போகவில்லை.

"இவரு கோர்ட்டுல பத்திரம் பார்த்தவரு. ஒரு தடவை படிக்கட்டும்னு வரச் சொன்னேன்" என்றாள் தபீதாள்.

"எத்தனை பேரு அத்தை படிப்பாங்க?" சாந்தகுமார் எரிந்து விழுந்தான். "வக்கீல் படிச்சாரு, நான் படிச்சேன், அசரியா மாமா படிச்சாரு. கையெழுத்தைப் போட்டுட்டா எனக்கு டியூஷனுக்கு நேரமாவுது."

சிட்டிபாபு கோவர்த்தனனின் விலாவில் இடித்தான். கோவர்த்தனன் நகரவில்லை.

"படிக்கட்டும் தம்பி, அவசரம் என்ன?" என்றார் அசரியா சாந்தமாக. "வீடுன்னா விளையாட்டா? தங்கச்சி மனசு நிம்மதியாகணும்."

"பத்திரம் ரொம்ப நல்லா இருக்குது" என்றார் கோவர்த்தனன். வேதாச்சலத்தின் சிரிப்பு இன்னும் ஒரு விரற்கடை விரிந்தது. "இருநூத்திப் பத்து நாள். அதுல கை வெக்க வேணாம்."

"அதைத்தான் நானும் சொன்னேன். அம்மாதான் கொறைங்க, கூட்டுங்கன்னாங்க" என்றார் வேதாச்சலம்.

"முப்பது நாள் ஷரத்தும் இருக்கட்டும். நியாயமான ஷரத்து. ஒரே ஒரு சின்ன விஷயம். அடுத்த மாசம் லெந்து தவக்காலம் வருதே, அதுல கட்டட வேலை நடக்க வேணாமேன்னு அம்மா நெனைக்கறாங்க. ஆரம்பத் தேதியை மட்டும் ஈஸ்டருக்கு மறுநாள், ஏப்ரல் இருபத்திரெண்டுன்னு மாத்திக்கலாமா? வேற ஒரு எழுத்தும் மாற வேணாம்."

தபீதாள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். கோவர்த்தனன் அவளைப் பார்த்தார். அவள் மூடிக்கொண்டாள். இருபத்தெட்டு வருஷம் டாக்டர்களின் கண்ணைப் பார்த்தே வேலை செய்தவள்.

"அது நல்லது அத்தை" என்றான் சாந்தகுமார். "லெந்துல கல் போட்டா ஒரு சந்தோஷப் பாட்டுக் கூடப் பாட முடியாது. ஏப்ரல்லயே வெச்சுக்கலாம்."

வேதாச்சலம் ஒரு நிமிஷம் யோசித்தார். இருநூற்றுப் பத்து அப்படியே இருந்தது. முப்பது அப்படியே இருந்தது. காத்திருப்பதில் அவருக்கு என்ன நஷ்டம்? "எனக்கொண்ணும் ஆட்சேபணை இல்லை" என்று தலையாட்டினார்.

"அதெப்படி?" என்றார் அசரியா.

எல்லோரும் திரும்பினார்கள்.

"இல்லை, தங்கச்சி அக்டோபர்ல வீட்டைக் காலி பண்ணணுமே. ஏப்ரல்ல ஆரம்பிச்சா நவம்பர் ஆயிடுமே."

"மிஷன்ல எழுதிக் கேட்டா டிசம்பர் வரைக்கும் விடுவாங்க அண்ணே" என்றாள் தபீதாள்.

"சரி. ஆனா ஐப்பசி மழையில மச்சு போட முடியுமா?"

"அதுக்கு முன்னாடியே மச்சை மூடிடுவேன், அது என் பொறுப்பு" என்றார் வேதாச்சலம் பெருமையாக.

அசரியா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். துடைத்த கண்ணாடியை மறுபடி துடைத்தார். "பத்திரத்துல தேதி எழுதியாச்சே. அடிச்சா செல்லாதே."

"ஏன் செல்லாது? அடிச்சு எழுதி, பக்கத்துல ரெண்டு பேரும் சின்னக் கையெழுத்துப் போட்டா செல்லும். பதினெட்டு வருஷமா அதைத்தான் பார்த்தேன்." கோவர்த்தனன் தட்டிலிருந்த பேனாவை எடுத்து மையில் தோய்த்து, மரியாதையாக வேதாச்சலத்திடம் நீட்டினார். "முதல்ல நீங்க."

வேதாச்சலம் பேனாவை வாங்கினார். 'பிப்ரவரி 11' என்பதன் மேல் முள் இறங்கியது. முதல் எழுத்தின் மேல் கோடு விழுந்தது.

அசரியா கழற்றிய கண்ணாடியைக் கூட மாட்டவில்லை. இரண்டே எட்டில் மேஜைக்கு வந்து கான்டிராக்டரின் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார்.

"யோவ், அவன் சொல்றதுக்கெல்லாம் தலையாட்டிக்கினு அடிக்கறியே! பெரிய வெள்ளி தாண்டிப் போச்சுன்னா, முப்பத்தொண்ணு எங்கிருந்துய்யா வரும்?"